பொறாமைப்படத் தெரியாத ஆறு குழந்தைகள்

1945 டிசம்பர். தென் இங்கிலாந்தில் சசெக்ஸ் வட்டாரத்து வெஸ்ட் ஹோத்லி கிராமம். குளிரில் நடக்கப் போன குழந்தைகளில் பவுல் என்ற பையன் வழியில் கையுறையைத் தொலைத்துவிட்டான். ஜான் தன் கையுறையைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தான். அதன் பிறகு கை குளிர்கிறது என்று ஜான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கு அப்போது வயது நான்கு. பவுலுக்கு மூன்றரை.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு ஒரு வாரம் பழகியவர்களுக்கும் இது இடிக்கும். அது 'என்னுது' என்ற சொல் கொடிகட்டிப் பறக்கிற வயது. தம்பி தொட்ட பொம்மைதான் உடனே வேண்டும். பக்கத்துத் தட்டில் இருக்கும் முறுக்கு எப்போதும் தன் முறுக்கைவிடப் பெரிதாகத் தெரியும். அப்படியிருக்க, யாரும் சொல்லாமல் கையுறையைக் கழற்றிக் கொடுக்கும் பையன் எங்கிருந்து வந்தான்?

இதே ஜானும் பவுலும் இரண்டு மாதம் முன்பு அந்த வீட்டுக்கு வந்தபோது, மற்றவர்களோடு சேர்ந்து, கொடுத்த பொம்மைகளை எல்லாம் சில நாட்களில் உடைத்துப் போட்டவர்கள். மேசை நாற்காலிகளும் தப்பவில்லை. பார்த்துக்கொள்ள வந்த பெண்களை அடித்தார்கள், கடித்தார்கள், மேலே துப்பினார்கள். ஒரே பிள்ளைகள்தான். கையுறை கொடுத்த கையும் அடித்த கையும் ஒன்றுதான்.

குழந்தை வளர்ச்சி பற்றிய வகுப்புகளில், உளவியலாளர் எரிக்சன் வகுத்த வளர்ச்சிக் கட்டங்களில் முதல் மூன்றைச் சொல்லும்போது நான் இந்த நிகழ்வைத்தான் எடுப்பது. அழகாகப் பொருந்தி வருவதால் அல்ல, பொருந்தாமல் முரண்டு பிடிப்பதால். பாடப் புத்தகங்களில் அந்தக் கட்டங்கள் ஓர் அட்டவணையாக இருக்கும். பிறப்பு முதல் ஒன்றரை வயது வரை நம்பிக்கையா அவநம்பிக்கையா, மூன்று வயது வரை தன்னாட்சியா வெட்கமும் ஐயமுமா, பிறகு ஐந்து ஆறு வயது வரை முன்முயற்சியா குற்ற உணர்வா. மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு பிள்ளை முன்னால் வந்து நின்றால் அட்டவணை கைகொடுக்காது.

இந்த நிகழ்வை எழுதி வைத்தவர்கள் குழந்தை உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்டும், அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சோஃபி டானும். அவர்கள் ஆய்வு 1951-ல் வெளியானது. குழந்தைகளின் உண்மைப் பெயர்களை அவர்கள் மறைத்துவிட்டார்கள். ஜான், ரூத், லியா, பவுல், மிரியம், பீட்டர் எல்லாமே அவர்கள் வைத்த மாற்றுப் பெயர்கள். மூன்று பையன்கள், மூன்று பெண்கள்.

எரிக்சனின் கட்டங்களை வைத்து இதைப் படிப்பது என் வேலை, அவர்களுடையது அல்ல. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எரிக் எரிக்சன் 1902-ல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஓவியராக ஊர் ஊராகத் திரிந்துவிட்டு, 1927-ல் வியன்னாவில் அன்னா ஃப்ராய்டின் வட்டத்தார் நடத்திய ஒரு சிறு பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். அன்னா ஃப்ராய்டிடமே உளப்பகுப்பாய்வும் பயிற்சியும் பெற்றார். 1933-ல் நாஜிகளின் கை ஓங்கியதும் அமெரிக்கா போனார். குருவம்மா 1938-ல் லண்டனுக்குத் தப்பினார். எரிக்சன் தன் எட்டுக் கட்டங்களை 1950-ல் வெளியிட்டார். மறு ஆண்டே கடலுக்கு அந்தப் பக்கம் குருவின் நிகழ்வு ஆய்வு வந்தது. ஒரே பள்ளியில் படித்த இருவர் ஒரே கேள்வியை வேறு வேறு முனையில் பிடித்ததுபோல.

எங்கிருந்து வந்தார்கள்

ஆறு பேரும் 1941 கடைசிக்கும் 1942 கடைசிக்கும் இடையில் பிறந்த ஜெர்மன் யூதக் குழந்தைகள். அவர்கள் பிறந்த கொஞ்ச நாளிலேயே பெற்றோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியாக, பெரும்பாலும் ஒரு வயது நிறைவதற்குள், டெரெசீன் முகாமுக்கு வந்து சேர்ந்தது. டெரெசீன், பிராக் நகருக்கு வடக்கே இருந்த பழைய கோட்டை நகரம். அதை நாஜிகள் முகாமாக மாற்றியிருந்தார்கள். அங்கே தாயில்லாக் குழந்தைகளுக்கென்று ஒரு பகுதி இருந்தது. அங்குதான் இவர்கள் ஒன்றாகத் தூங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக நடை பழகினார்கள்.

பார்த்துக்கொண்டவர்களும் கைதிகளே. அவர்களுக்கே சரியான சாப்பாடு இல்லை, வேலையோ தலைக்கு மேல். குழந்தைகளுக்கு உணவு கொடுத்து, கழுவி, உயிரோடு வைத்திருக்க முடிந்ததே பெரிய காரியம். ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் வைத்துக் கொஞ்ச அங்கே யாருக்கு நேரம்? மேலும், அது ஆஷ்விட்ஸ் கொலை முகாம் பக்கம் ரயில்கள் கிளம்பிக்கொண்டே இருந்த இடம். விளையாட ஒரு வெறும் முற்றம். பொம்மை கிடையாது. நாய் தவிர வேறு பிராணியைப் பார்த்ததில்லை. அந்த நாயைக் கண்டாலும் நடுக்கம்.

1945 மே மாதம் சோவியத் படை முகாமை விடுவித்தது. குழந்தைகளை ஒரு மாதம் போல ஒரு செக் நாட்டு மாளிகையில் வைத்து ஊட்டி வளர்த்தார்கள். ஆகஸ்டில், 300 பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து வந்த குண்டுவீச்சு விமானங்களில் இவர்களும் வந்து இறங்கினார்கள். பெரும்பாலானவர்கள் பதின்ம வயதினர், இவர்கள் மூன்று வயதுப் பொடிசுகள். விண்டர்மியர் ஏரிக்கரை முகாமில் இரண்டு மாதம். அங்கே சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் ஆலிஸ் கோல்ட்பெர்கர். அக்டோபர் 15-ஆம் தேதி வெஸ்ட் ஹோத்லியில் 'புல்டாக்ஸ் பேங்க்' என்ற கிராமத்து வீட்டுக்கு ஐந்து பேர் வந்தார்கள். லியாவுக்குப் படர்தாமரை, அதனால் ஆறு வாரம் கழித்து வந்தாள்.

கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். நான்கு வயதுக்குள் வீடு, முகாம், மாளிகை, ஏரிக்கரை, இப்போது இந்த வீடு. இடம் மாறியது, மொழி மாறியது, முகங்கள் மாறின. மாறாதது ஒன்றே ஒன்றுதான். படுக்கையில் பக்கத்தில் கிடக்கும் மற்ற ஐந்து பேர்.

வந்த நாட்கள்

வீட்டை நடத்தியவர்கள் சோஃபி டானும் அவர் தங்கை கெர்ட்ரூடும். இருவரும் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள், போர்க்காலத்தில் அன்னா ஃப்ராய்டின் ஹாம்ஸ்டெட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர்கள். நாள்தோறும் நடப்பதைக் குறித்து வைப்பது அங்கே பழகிய வேலை. அந்தக் குறிப்புகள்தான் இந்த ஆய்வுக்கு முதுகெலும்பு.

பெரியவர் ஒருவர் அறைக்குள் வந்தால் குழந்தைகள் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஏதாவது உடனே வேண்டுமென்றால் வருவார்கள். காரியம் முடிந்ததும் அதே ஆளைச் சுவர் மாதிரி கடந்து போவார்கள். விண்டர்மியரிலிருந்து கூடவே வந்த இளம் பெண்ணுக்கும் இதே மரியாதைதான். நல்ல மனநிலையில் இருந்தால் எல்லாப் பெண்களும் 'டாண்டே', அதாவது அத்தை. ஆளுக்கு ஆள் வேறுபாடு கிடையாது. கோபம் வந்தால் 'முட்டாள் அத்தை'. அவர்களுக்கு மிகப் பிடித்த வசவு 'ப்லோடர் ஓக்ஸ்', முட்டாள் மாடு. பேசியது செக் சொற்கள் கலந்த ஜெர்மன்.

தங்களுக்குள்ளோ நிலைமையே வேறு. ஒருவர் மாடியில், மற்றவர்கள் கீழே என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைக்கோ நடக்கவோ ஒரு பிள்ளையைத் தனியாகக் கூட்டிப் போக முடியாது. பிரித்தால், தனியாக இருப்பது மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும், கூட்டமும் அந்த ஒன்றைத் தேடித் தவிக்கும். ஆனால் இவர்கள் எப்போதும் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டு மேசையிலும் நடக்கும்போதும் ஓயாத வாய்ச்சண்டை, பெரும்பாலும் காரணமே இல்லாமல். ஆரம்பத்தில் ஒருவரை ஒருவர் அடிக்க மட்டும் மாட்டார்கள். கை நீண்டதெல்லாம் பெரியவர்கள் மேல்.

சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு: தான் சாப்பிடுவதைவிடப் பக்கத்துப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அவர்களுக்கு முக்கியம். நவம்பரில் ஒரு நாள் இரண்டாவது முறை வைக்க கேக் இல்லை என்று ஜான் அழுதான். ரூத்தும் மிரியமும் தங்கள் துண்டில் மிச்சமிருந்ததை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் சாப்பிடச் சாப்பிடத் தடவிக் கொடுத்தார்கள். தாங்கள் கொடுத்ததைப் பற்றி அவர்களுக்குள்ளேயே திருப்தியாகப் பேசிக்கொண்டார்கள். அந்தக் கடைசி விவரம்தான் எனக்குப் பிடித்தது. பேரனுக்கு ஊட்டிவிட்டு 'நல்லா சாப்பிட்டான்' என்று அக்கம்பக்கத்தில் சொல்லும் பாட்டிகளின் குரல் அதில் கேட்கிறது. மூன்று வயதுப் பாட்டிகள்.

இன்னொரு நாள் ஜான் காலையில் எழ மாட்டேன் என்று படுக்கையில் காலை உதைத்துக் கத்தினான். ரூத் அவன் உடுப்பைக் கொண்டுவந்து 'போட்டுக்கொள்ள வேண்டாமா?' என்று கேட்டாள். மிரியம் சிரித்துக்கொண்டே தன் பொம்மையை நீட்டினாள். உடனே அடங்கி எழுந்துவிட்டான். பெரியவர்கள் எத்தனை பேர் முயன்றிருந்தாலும் இது நடந்திருக்காது.

நம்பிக்கை எங்கே வேர் பிடித்தது

எரிக்சன் முதல் கட்டத்தைச் சொல்லும் விதம் பலரும் நினைப்பதைவிட நுட்பமானது. தாய் அன்பாக இருந்தாளா என்பது மட்டும் அங்கே கேள்வி இல்லை. பசிக்கும்போது வரும் முகம் நேற்று வந்த அதே முகமா, நாளைக்கும் வருமா? அந்த மாறாத்தன்மை, அந்தத் தொடர்ச்சி, அதில்தான் நம்பிக்கை ஊறுகிறது. அம்மா கண்ணிலிருந்து மறைந்தால் பெரிதாகப் பதறாமல் இருக்க முடிவதைக் குழந்தையின் முதல் சமூகச் சாதனை என்கிறார். அவள் திரும்பி வருவாள் என்பது உள்ளே உறுதிப்பட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

இந்த அளவுகோலை வைத்தால் ஆறு பேரும் முதல் கட்டத்திலேயே தோற்றவர்கள் என்றுதான் எழுதத் தோன்றும். பெரியவர்களை நம்பவில்லை. கட்டை விரல் வாயிலேயே இருந்தது. பீட்டர், ரூத், ஜான், லியா நால்வரும் ஓயாமல் விரல் சப்பினார்கள். மிரியம் நாக்கு நுனியைச் சப்பினாள். 'அவநம்பிக்கை' என்று கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

ஆனால் அந்த வரையறையையே இன்னொரு முறை படித்தால் வேறு ஒன்று தெரியும். மாறாத முகம், தொடர்ந்து இருக்கும் முகம். டெரெசீனில் அது இவர்களுக்குக் கிடைக்கவில்லையா? கிடைத்தது. பெரியவர்கள் முகத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இரவு விழித்தால் பக்கத்தில் இருந்தது மிரியம். ரயில் ஏற்றிக் கொண்டுபோகப்படாமல் மிஞ்சியது பீட்டர். எரிக்சன் சொல்லும் இடத்தில் தாயை எடுத்துவிட்டு ஐந்து குழந்தைகளை வைத்தால் வாக்கியம் அப்படியே நிற்கிறது. அவர்களுக்கு அடிப்படை நம்பிக்கை இருந்தது. ஆனால் அது ஐந்து பேர் அளவுக்கு மட்டும் நீண்டது, அதற்கு வெளியே உலகம் முழுக்க 'முட்டாள் மாடு'.

அதனால்தான் ஒருவர் கண்ணில் படாவிட்டால் அந்தத் தவிப்பு. நம்பிக்கை இருந்தது, ஆனால் அது மெல்லிய நூல். அம்மா சமையலறைக்குப் போனால் திரும்பி வருவாள் என்று நூறு முறை பார்த்துப் பழகிய குழந்தைக்கு வரும் நிம்மதி இவர்களுக்கு வர வாய்ப்பே இருந்ததில்லை. அவர்கள் அறிந்த உலகில் கதவுக்கு வெளியே போனவர்கள் திரும்பவில்லை.

விரல் சப்புவதை ஒரு வெப்பமானி மாதிரி அன்னா ஃப்ராய்டும் டானும் பயன்படுத்தினார்கள். உறவுகள் எவ்வளவு ஆட்டம் காண்கின்றனவோ அவ்வளவுக்கு விரல் வாயில் இருக்கும் என்பது அவர்கள் ஊகம். ஆண்டு முடிவில் அதை ஒரு நிகழ்ச்சி உறுதி செய்தது. அது பின்னால் வருகிறது.

'நான்' இல்லாத 'நாங்கள்'

இரண்டாம் கட்டம் என்றதும் நம்மவர்கள் மலம் கழிக்கப் பழக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எரிக்சன் கொஞ்சம் பெரிதாகப் பார்த்தார். தசைகள் வலுப்பெறும் வயது அது. பிடித்து வைத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம். வேண்டும் என்று சொல்லலாம், வேண்டாம் என்று சொல்லலாம். அந்த 'வேண்டாம்'-க்குப் பெரியவர்கள் கொடுக்கும் பதிலில்தான் பிள்ளையின் தன்னாட்சியோ வெட்கமோ முளைக்கிறது. எல்லார் கண்ணும் தன்மேல் இருக்கும்போது மறைக்க வழியில்லாமல் நிற்கிற உணர்வுதான் அவர் சொல்லும் வெட்கம். துணி இல்லாமல் ஓடிவரும் பிள்ளையைப் பார்த்துக் கூடமே சேர்ந்து 'ஷேம் ஷேம்' என்று கை தட்டுவோமே, அதுதான். விளையாட்டுக்குத்தான் செய்கிறோம். பிள்ளையின் முகத்தை அந்த நேரம் பார்த்தால் அதற்கு அது விளையாட்டில்லை என்று தெரியும்.

புல்டாக்ஸ் பேங்க் குழந்தைகளை யாரும் வெட்கப்பட வைக்க முடியவில்லை. பெரியவரின் கண்ணுக்கு மதிப்புத் தந்தால்தானே வெட்கம்? அவர்கள் 'வேண்டாம்' என்பதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த 'வேண்டாம்' ஒருவருடையதல்ல, ஆறு பேருடையது. எல்லாரும் போனால் போவேன், எல்லாருக்கும் கிடைத்தால் வாங்குவேன். கூட்டத்துக்குத் தனி ஒரு தலைவன் கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் இவர்கள் மிகச் சுதந்திரமான பிள்ளைகள். உற்றுப் பார்த்தால், ஒருவராலும் தனியாக ஒரு மாடிப்படி ஏற முடியவில்லை.

தன்னாட்சிக்கு மறுபக்கம் தனிமையைத் தாங்கும் பலம். அந்தப் பலம் வருவதற்கு, நீ போய்விட்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன் என்று நிற்கும் ஒருவர் வேண்டும். கூட்டத்தால் அப்படி ஓரிடத்தில் நிற்க முடியாது. கூட்டத்திலிருந்து விலகினால் அதுதான் பிரிவு.

பொறாமை

இந்த ஆய்வைப் படிக்கிற எல்லாரும் நின்று வியக்கும் இடம் இது. அண்ணன் தம்பிகளிடம் இயல்பாக இருக்கும் பொறாமையும் போட்டியும் இவர்களிடம் இல்லை. வகுப்பில் சொன்னால் உடனே யாராவது ஒருவர் 'எவ்வளவு நல்ல பிள்ளைகள்' என்பார். கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்கு மற்றவர் கஷ்டம் தெரியும் என்று ஒரு தத்துவமும் கூடவே வரும்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. பொறாமை வெறும் கெட்ட குணம் அல்ல. அது ஒரு முக்கோணம். நான், நீ, நாம் இருவரும் விரும்பும் மூன்றாவது ஆள். மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் முக்கோணம் இல்லை. தம்பி பிறந்ததும் அக்கா மறுபடி படுக்கையை நனைக்கிறாள் என்றால், அவளுக்கு இழக்க ஒரு மடி இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஆறு பேருக்கும் இழக்க மடி இல்லை. அதனால் பங்கு போடுவதில் நஷ்டமும் இல்லை. தட்டில் இருக்கும் கேக் வெறும் கேக்தான். நம் வீடுகளில் அது கேக் மட்டும் இல்லையே, அம்மா யாருக்கு அதிகம் வைத்தாள் என்ற கணக்கும் சேர்ந்ததல்லவா?

சில மாதங்களில் மெதுவாக மாற்றம் வந்தது. அது வந்த வழியே அலாதி. பெரியவர்கள் குழந்தைகளைத் தங்கள் பக்கம் இழுக்கவில்லை. குழந்தைகள்தான் பெரியவர்களைத் தங்கள் கூட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். தங்களுக்குள் வைத்திருந்த சட்டத்தையே அவர்களுக்கும் நீட்டினார்கள்: எல்லாருக்கும் பங்கு என்றால் பெரியவர்களுக்கும் பங்கு வேண்டும். வேலையில் கைகொடுத்தார்கள். உறவின் முதல் வடிவம் அங்கே 'நீ என்னைப் பார்த்துக்கொள்' என்பதாக இல்லை, 'உனக்கும் பங்கு உண்டு' என்பதாக இருந்தது. பாடப் புத்தகத்தில் இந்த வரிசைக்கு இடமில்லை.

அதன் பிறகுதான் தனித்தனிப் பற்று. பிடித்த ஒருவரிடம் ஒட்டிக்கொள்வது, அவர் வெளியே போனால் கோபித்துக்கொள்வது, என்னுடையவர் என்று உரிமை கொண்டாடுவது எல்லாம் வந்தன. அதாவது ஒன்று, ஒன்றரை வயதில் வர வேண்டியது நான்கு வயதில் வந்தது. ஆனாலும் அந்தப் பற்று அவர்களுக்குள் இருந்த பிடிப்பின் பலத்தை ஒருநாளும் எட்டவில்லை என்று ஆய்வு தெளிவாகச் சொல்கிறது. நல்ல பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். எனக்கு அது ஒரு மடி முளைத்த சத்தம்.

நடுவில் லியா வந்த கதையையும் சொல்ல வேண்டும். மற்ற ஐந்து பேரும் ஆறு வாரத்தில் கொஞ்சம் அடங்கியிருந்தார்கள். லியா வந்தபோது அவர்கள் முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தாள். கத்தல், முரட்டுத்தனம் எல்லாம் அப்படியே. அவளைத் திருத்துவதற்குப் பதில் ஐந்து பேரும் அவளோடு சேர்ந்து பழையபடி கத்த ஆரம்பித்தார்கள். வளர்ச்சி பின்வாங்கிவிட்டது என்று குறிப்பெழுதலாம். தங்கள் ஆள் ஒருத்தி ஆறு வாரம் பின்தங்கி நிற்கிறாள், போய்க் கூட்டிக்கொண்டு வருவோம் என்று திரும்பிப் போனதாகவும் படிக்கலாம். காட்டுவழியில் நடக்கும்போது அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பின்தங்கியவரைக் கவனிப்பார்கள், பள்ளம் தாண்டக் கை கொடுப்பார்கள், கிளையை விலக்கிப் பிடிப்பார்கள், ஒருவர் கோட்டை மற்றவர் சுமப்பார்கள்.

விளையாட்டும் துணிச்சலும்

மூன்றாம் கட்டம் விளையாட்டின் கட்டம். எரிக்சனுக்கு விளையாட்டு பொழுதுபோக்கு அல்ல. பிள்ளை தன் உலகத்தைச் சின்னதாக்கி, தானே கையில் எடுத்து, தோற்றால் மறுபடி கட்டிப் பார்க்கும் பட்டறை அது. மணலில் வீடு கட்டுவதும், பொம்மைக்கு ஊசி போடுவதும், 'நீ அம்மா, நான் டாக்டர்' என்பதும் இதில் அடக்கம்.

பொம்மையே பார்த்திராத பிள்ளைகளுக்கு அந்தப் பட்டறையின் சாவி இல்லை. முதலில் உடைக்கத்தான் தெரிந்தது. துணிப் பொம்மைகள் மட்டும் அவரவர் சொத்தாகிப் படுக்கைக்குப் போயின. விளையாடக் கற்றுக்கொண்ட பிறகு ஒருவர் கட்டுவதற்கு மற்றவர் பேசாமல் உதவினார்கள், கட்டி முடித்ததைப் பாராட்டினார்கள்.

ஆனால் முன்முயற்சியைப் பொம்மைகளில் தேடினால் இந்தக் குழந்தைகளிடம் தவறவிடுவோம். அது வேறு இடத்தில் இருந்தது. 1946 மார்ச்சில் ஒரு நாய் அவர்களை நோக்கி வந்தது. எல்லாருக்கும் குலை நடுக்கம். ரூத்தும் பயந்துதான் போயிருந்தாள். ஆனாலும் அலறிக்கொண்டிருந்த பீட்டரிடம் நடந்து போய்த் தன் பொம்மை முயலை அவன் கையில் கொடுத்தாள். ஜானுக்குத் தன் கழுத்துமாலையை இரவல் கொடுத்துத் தேற்றினாள். பிரைட்டன் கடற்கரையில் ரூத் தண்ணீரில் கூழாங்கல் வீசிக்கொண்டிருந்தாள். பீட்டருக்கு அலை என்றால் பயம், கிட்டவே போக மாட்டான். திடீரென்று 'தண்ணி வருது, தண்ணி வருது' என்று கத்தியபடி ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

தன் பயத்தை மீறி ஒரு நோக்கத்தோடு காலெடுத்து வைப்பதை முன்முயற்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அது தனக்காக வரவில்லை, இன்னொருவருக்காகத்தான் வந்தது. முதல் கட்டம் முடிந்தால்தான் இரண்டாவது, அது முடிந்தால்தான் மூன்றாவது என்று மாடிப்படி மாதிரி கற்பிக்கிறவர்கள் பீட்டரை எந்தப் படியில் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எரிக்சனே அப்படிச் சொன்னவர் அல்ல. ஒவ்வொரு கட்டத்தின் சிக்கலும் எல்லா வயதிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும், தனக்குரிய வயதில் உச்சத்துக்கு வரும் என்பதுதான் அவர் வாதம். அட்டவணைதான் அதைப் படிக்கட்டாக்கியது.

எவ்வளவு தூரம் நம்பலாம்

ஆறே குழந்தைகள், ஒரே ஓர் ஆண்டு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு கூட்டம் இல்லை. குறிப்பெழுதியவர்களே வளர்த்தவர்கள். முகாமுக்கு முந்தைய வாழ்க்கை பற்றிக் கிடைத்தது துண்டு துண்டான செய்திதான். தாய் இல்லாவிட்டாலும் நண்பர்கள் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது ஆபத்து. அதே 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை தாய்ப் பராமரிப்பை இழந்த குழந்தைகளின் சேதத்தைப் பற்றிப் பேசியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அன்னா ஃப்ராய்டும் டானும் மிகைப்படுத்தவில்லை. இந்தக் குழந்தைகள் எளிதில் சீண்டப்படுபவர்கள், அமைதியற்றவர்கள், முரடர்கள், சமாளிக்கக் கஷ்டமானவர்கள் என்றே எழுதினார்கள். ஆனால் அறிவு வளர்ச்சிக் குறைபாடோ குற்றப் போக்கோ மனப்பிறழ்வோ இவர்களிடம் இல்லை என்றும் எழுதினார்கள். இவ்வளவு அலைக்கழிப்புக்கு நடுவில் புதிதாக ஒரு மொழியைக் கற்றுக்கொண்டதை அதற்கு ஒரு சாட்சியாகக் காட்டினார்கள். ஓர் ஆண்டில் ஜெர்மன் இருந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்திருந்தது. உலகத்தோடு தொடர்பு அடியோடு அறுந்த பிள்ளைக்கு மொழி ஒட்டாது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

புல்டாக்ஸ் பேங்கில் அவர்கள் இருக்க வேண்டியது ஓர் ஆண்டு என்று முதலிலேயே முடிவானது. கிளம்பும் நாள் நெருங்கியது பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. பகலில் குறைந்திருந்த விரல் சப்பல் மறுபடி எங்கும் பரவியது. வெப்பமானி சரியாகத்தான் காட்டியது. வந்த புதிதில் அந்த வீட்டில் யாரும் அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை, இப்போது போகவேண்டுமே என்று விரல் வாய்க்குப் போகிறது.

அங்கிருந்து அவர்களில் சிலர் சரே வட்டாரத்தில் லிங்ஃபீல்ட் ஊரில் இருந்த வெயர் கோர்ட்னி என்ற வீட்டுக்குப் போனார்கள். பல ஆண்டு கழித்து அமெரிக்க உளவியலாளர் சாரா மாஸ்கோவிட்ஸ், அந்த வீட்டில் வளர்ந்த 24 பேரைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசி 1983-ல் எழுதினார். நடுவயதில் வேலை, குடும்பம் என்று இருந்தவர்கள் பலர். ஆறாத வலியும் அவர்களோடு இருந்தது.

வெயர் கோர்ட்னி வீட்டின் பொறுப்பாளர் ஆலிஸ் கோல்ட்பெர்கர். விண்டர்மியர் ஏரிக்கரையில் விமானத்திலிருந்து இறங்கி வந்த நாட்களில் அவர்களைப் பார்த்துக்கொண்ட அதே கோல்ட்பெர்கர். போன இடத்தில், ஏற்கனவே பார்த்த ஒரு முகம் இருந்தது.